அம்பு போட்டால் போதுமா? ஸ்டோரிபோர்டு கேள்வி – பதில்

எடுக்கப்போகும் ஷாட்களை முன்கூட்டியே கட்டம் கட்டமாகத் தாளில் வரைந்துகொள்வதுதான் ஸ்டோரிபோர்டு. கேமராவும் ஆட்களும் நகரும் ஷாட்களை அதில் எப்படிக் காட்டுவது என்று வந்த கேள்விகளை இம்முறை ஒன்றாகச் சேர்த்திருக்கிறோம். எல்லாப் பதில்களிலும் பேனல், அதாவது ஒரு படம் வரையும் கட்டத்தின் அளவு 12 செ.மீ. × 5 செ.மீ. ஸ்கோப் எனப்படும் 2.39:1 விகிதத்துக்கு இது கிட்டத்தட்டச் சரி. 16:9-ல் எடுப்பவர்கள் உயரத்தை மட்டும் 6.75 செ.மீ. என்று மாற்றிக்கொள்ளுங்கள்.

பையன் சைக்கிளில் தெருவில் இடமிருந்து வலமாகப் போகிறான். கேமராவும் கூடவே போகிறது. இரண்டுக்கும் தனித்தனி அம்பு போட்டிருந்தேன். ஒளிப்பதிவு செய்ய வந்த நண்பர் அதைப் பேன் (கேமரா நின்ற இடத்திலேயே திரும்புவது) என்று எடுத்துக்கொண்டு ட்ராலி (கேமராவை நகர்த்தும் தள்ளுவண்டி) இல்லாமல் வந்துவிட்டார். தவறு எங்கே?
– குறும்பட இயக்குநர், கோவில்பட்டி

அம்பில் கொஞ்சம், படத்தில் நிறைய.

முதலில் அம்பு. ஆளின் அசைவுக்கும் கேமராவின் அசைவுக்கும் ஒரே மாதிரி அம்பு போட்டால் யாருக்கும் புரியாது. ஆளின் அம்பை ஃப்ரேமுக்குள், ஆளின் உடம்புக்குப் பக்கத்திலிருந்து தொடங்கி, உள்ளே கறுப்படித்த மெல்லிய அம்பாகப் போடுங்கள். கேமராவின் அம்பை ஃப்ரேமுக்கு வெளியே, கீழ்க்கோட்டை ஒட்டி, உள்ளே வெள்ளையாக விட்ட தடித்த அம்பாகப் போட்டு, அதற்குள்ளேயே ‘ட்ராலி’ என்றோ ‘பேன்’ என்றோ எழுதிவிடுங்கள். அந்த ஒரு சொல் எழுதியிருந்தால் உங்கள் நண்பர் ட்ராலியோடு வந்திருப்பார்.

ஆனால் அம்பு சொல்வது திசையை மட்டும்தான். கேமரா நின்ற இடத்தில் திரும்புகிறதா, இடம் பெயர்கிறதா என்பதைப் படமே சொல்ல வேண்டும். இதே சைக்கிளை எடுத்துக்கொள்வோம். கேமரா ஓரிடத்தில் நின்று பேன் செய்தால், தொடக்கத்தில் பையனின் முகமும் முன்சக்கரமும் நம்மைப் பார்த்து வரும். நேர் எதிரே வரும்போது பக்கவாட்டுத் தோற்றம், அப்போதுதான் அவன் மிகப் பெரிதாகத் தெரிவான். கடைசியில் முதுகும் கேரியரும். பின்னால் உள்ள மதில்சுவரின் மேல்கோடு முதல் பேனலில் ஒரு பக்கம் சரியும், நடுவில் மட்டமாகும், கடைசியில் மறுபக்கம் சரியும். ட்ராலி என்றால் இதெல்லாம் நடக்காது. தொடக்கம் முதல் கடைசி வரை பையன் பக்கவாட்டில்தான் இருப்பான், அதே அளவில், ஃப்ரேமில் அதே இடத்தில். மதிலின் கோடும் ஃப்ரேமின் விளிம்புக்கு இணையாகவே இருக்கும். மாறுவது பின்னணி மட்டும்: முதல் பேனலில் கொடிக்கம்பம் இருந்த இடத்தில் அடுத்ததில் டீக்கடை.

ஆகவே இரண்டு பேனல் வரையுங்கள். இரண்டிலும் பையன் ஒரே அளவு, பின்னணி வேறு. வேகக் கோடுகளைப் பையன் மேல் போடாமல் மதில் மேல் போடுங்கள், கண்ணுக்குக் கலங்கித் தெரியப்போவது மதில்தானே. முன்னால் ஒரு மின்கம்பமோ வேப்பமரமோ ஃப்ரேமைக் கடப்பதாக வரைந்தால் ட்ராலி என்பது சொல்லாமலே தெரியும். அதற்கு உண்மையிலேயே அந்த இடத்தில் ஒரு கம்பம் இருக்க வேண்டும் என்பது வேறு விஷயம்.

ஜூம், ட்ராலி இன் இரண்டுக்குமே பெரிய கட்டத்துக்குள் சின்னக் கட்டம் போட்டு மூலைகளை அம்பால் இணைக்கிறேன். எங்கள் பேராசிரியர் இரண்டும் ஒன்றல்ல என்கிறார். தாளில் எப்படி வேறுபடுத்துவது?
– விஸ்காம் மாணவி, திருச்சி

பேராசிரியர் சொல்வது சரி. ஜூம் என்பது இருக்கும் படத்தையே பெரிதாக்குவது. அதனால் ஒரே பேனல் போதும்: வெளிக்கட்டம் ஏ, உள்கட்டம் பி, நான்கு மூலைகளிலும் ஏ-யிலிருந்து பி-க்கு அம்பு. ஜூம் அவுட் என்றால் அம்புகளைத் திருப்பிவிடுங்கள்.

ட்ராலி உள்ளே போகும்போது படமே மாறுகிறது. கணக்கோடு பாருங்கள். ஆள் கேமராவிலிருந்து 10 அடியில், அவருக்குப் பின்னால் ஜன்னல் வைத்த சுவர் கேமராவிலிருந்து 30 அடியில். பேனலில் ஆள் 2 செ.மீ. உயரம், ஜன்னல் 1 செ.மீ. என்று வைத்துக்கொள்வோம். ட்ராலி 5 அடி முன்னே போனால் ஆளுக்கு உள்ள தூரம் பாதியாகிறது; ஆள் இரு மடங்காகி 4 செ.மீ. ஆகிறார். சுவருக்கு உள்ள தூரமோ 30-லிருந்து 25 அடிதான் ஆகியிருக்கிறது, ஜன்னல் 1.2 செ.மீ. மட்டுமே. அதே ஆளை ஜூமில் இரு மடங்காக்கினால் ஜன்னலும் 2 செ.மீ. ஆகிவிடும். எனவே ட்ராலிக்குக் கட்டத்துக்குள் கட்டம் போடுவது பொய்க்கணக்கு. இரண்டாவது பேனலைத் தனியாக வரைந்து, ஆளைப் பெரிதாக்கி, பின்னணியைக் கிட்டத்தட்ட அப்படியே விட வேண்டும். ஏ பேனலில் கேமரா அம்பைக் கீழ்விளிம்பிலிருந்து உள்நோக்கி, அடி அகலமாகவும் நுனி ஒடுங்கியும் தரையில் படுத்த மாதிரி போடுங்கள். நம்மிடமிருந்து விலகிப் போகும் அம்பு என்று அது தெரியும். நம்மை நோக்கி வரும் ஆளுக்கோ வண்டிக்கோ இதற்கு நேர்மாறு: வால் ஒடுங்கி, தலை பெரிதாக.

உள்கட்டத்தில் அதிகம் நடக்கும் தவறு, அதன் விகிதம் வெளிக்கட்டத்தோடு ஒத்துப்போகாதது. முகத்துக்கு ஏற்றபடி சதுரமாக ஒரு கட்டம் போட்டுவிடுகிறார்கள். அப்படி ஒரு ஃப்ரேம் எந்த லென்ஸிலும் கிடையாது. வெளிக்கட்டத்தின் இடது கீழ்மூலையிலிருந்து வலது மேல்மூலைக்குப் பென்சிலில் ஒரு குறுக்குக்கோடு இழுங்கள். உள்கட்டத்தின் அடிக்கோட்டை வேண்டிய இடத்தில், வேண்டிய அகலத்தில் போடுங்கள். அதன் இடது முனையிலிருந்து அந்தக் குறுக்குக்கோட்டுக்கு இணையாக இன்னொரு கோடு. வலது முனையிலிருந்து நேர்மேலே ஒரு கோடு. இரண்டும் சந்திக்கும் புள்ளிதான் உள்கட்டத்தின் வலது மேல்மூலை. நாள்தோறும் வரைபவர்கள் தடித்த அட்டையில் 9 × 3.75, 6 × 2.5, 4 × 1.67 செ.மீ. என்று மூன்று ஜன்னல் வெட்டி வைத்துக்கொண்டால் இந்த வேலை மிச்சம்.

கையில் என்ன லென்ஸ் என்பதையும் கேட்டுக்கொள்ளுங்கள். 24–70 மி.மீ. ஜூம் லென்ஸ் மூன்று மடங்குக்குச் சற்றுக் குறைவாகத்தான் போகும். 12 செ.மீ. பேனலில் 3 செ.மீ. அகலத்துக்கு உள்கட்டம் போட்டுவிட்டு ‘ஜூம் இன்’ என்று எழுதினால் அந்த லென்ஸில் அது வராது.

ட்ராலியும் ஜூமும் எதிரெதிராகப் போகும் ஷாட்டுக்கு என்ன குறி?
– வாசகர், புதுச்சேரி

ஹிட்ச்காக்கின் ‘வெர்டிகோ’ (1958) படத்துக்காக இர்மின் ராபர்ட்ஸ் செய்து காட்டிய உத்தி அது. மேலே உள்ள அதே ஆளையும் ஜன்னலையும் வைத்துக்கொள்ளுங்கள். ட்ராலி 5 அடி உள்ளே, ஜூம் பாதியாக வெளியே: ஆள் 2 செ.மீ.யிலேயே நிற்பார், ஜன்னல் 0.6 செ.மீ.க்குச் சுருங்கும். இரண்டு பேனல், ஆள் ஒரே அளவு, பின்னணி மட்டும் தூரப்போனது. கீழே ட்ராலி அம்பு உள்நோக்கி, மூலைகளில் ஜூம் அம்புகள் வெளிநோக்கி. குறியை விட அந்த இரண்டு படங்கள்தான் வேலை செய்யும்.

டில்ட் டவுன் என்று வரைந்ததைப் பார்த்து கிரேன் வேண்டுமா என்று கேட்கிறார் தயாரிப்பு நிர்வாகி. கிரேன் வாடகை எங்கள் பட்ஜெட்டில் இல்லை. எனக்கே சந்தேகம் வந்துவிட்டது.
– உதவி இயக்குநர், சென்னை

உங்கள் பேனலைப் பார்க்காமலே சொல்லலாம்: அடிவானக் கோட்டை இடம் மாற்றி வரைந்திருப்பீர்கள்.

சமதரையில் கேமரா எந்த உயரத்தில் இருக்கிறதோ, அந்த உயரத்தில்தான் அடிவானக் கோடு எல்லாரையும் வெட்டும். கேமரா 5 அடியில் இருந்தால், ஐந்தரை அடி ஆட்கள் கிட்டே நின்றாலும் தூரத்தில் நின்றாலும் கோடு அவர்கள் கண்ணருகே போகும். கேமராவை அங்கேயே வைத்துக் கீழே குனித்தால், அதாவது டில்ட் டவுன் செய்தால், ஃப்ரேமுக்குள் அடிவானம் மேலே ஏறும். கூடவே ஆட்களும் ஏறுவார்கள். கோடு இன்னமும் கண்ணருகேதான்.

கேமராவை 12 அடிக்குத் தூக்கினால் கதை வேறு. அடிவானம் எல்லார் தலைக்கும் மேலே போய்விடும். பேனலில் ஒவ்வோர் ஆளின் பாதத்திலிருந்து அடிவானம் வரை அளந்தால் ஆளின் உயரம் அதில் பாதியைத் தொடாது, 12-க்கு 5.5 தான். கிட்ட நிற்பவர், எட்ட நிற்பவர் எல்லாருக்கும் இதே விகிதம். தலையுச்சியும் தோள்மேலும் தெரியும். தரை விரிந்து தெரியும். நீங்கள் ‘டில்ட்’ என்று எழுதிவிட்டுத் தலையுச்சி தெரிய வரைந்திருந்தால் நிர்வாகி கேட்டது நியாயம். ஒரு ஸ்கேலை வைத்து இதைச் சரிபார்க்க அரை நிமிடம்.

உண்மையிலேயே கிரேன் வேண்டிய ஷாட் என்றால் பேனலுக்குப் பக்கத்தில் தீப்பெட்டி அளவில் ஒரு பக்கவாட்டுப் படம் போடுங்கள்: தரைக்கோடு, ஆள், கேமரா தொடங்கும் உயரம், முடியும் உயரம், இரண்டும் அடிக் கணக்கில். ‘2 அடியிலிருந்து 12 அடி’ என்று பார்த்தவுடன், ஜிம்மி ஜிப் என்ற சிறு கிரேன் எடுப்பதா, மொட்டைமாடியில் ஏறி நின்று வேறு விதமாக எடுப்பதா என்று அவர்கள் முடிவு செய்துகொள்வார்கள்.

நீளமான பேன் ஷாட்டை ஒரே பேனலில் அடக்க முடியவில்லை. இரண்டாக உடைத்தால் கட் என்று நினைத்துக்கொள்கிறார்கள்.
– வாசகி, ஈரோடு

அடக்க வேண்டாம். பேனலைப் பக்கவாட்டில் நீட்டுங்கள். நீண்ட படத்தின் மேல் தொடக்கக் கட்டம் ஏ, முடிவுக் கட்டம் பி, இடையில் ஒரு அம்பு. நடுவில் கேமரா எதன் மேலாவது நிற்கிறது என்றால் அங்கேயும் ஒரு கட்டம் போட்டு ‘2 விநாடி நிறுத்தம்’ என்று எழுதுங்கள். ஏ4 தாளைப் படுக்கவைத்தால் 29.7 செ.மீ.; அதற்கு மேல் போனால் ஒட்டுப் போடலாம், கூச்சம் வேண்டாம்.

நீட்டி வரைவதில் இன்னொரு லாபம், வேகம் தெரிந்துவிடும். விநாடிக்கு 24 ஃப்ரேம், 180 டிகிரி ஷட்டரில் (ஒவ்வொரு ஃப்ரேமின் நேரத்தில் பாதி மட்டும் ஷட்டர் திறந்திருப்பது), ஒரு பொருள் திரையின் ஒரு ஓரத்திலிருந்து மறு ஓரத்துக்குப் போக 7 விநாடியாவது எடுத்தால்தான் பேன் உதறாமல் இருக்கும் என்பது ஒளிப்பதிவாளர்களின் பழைய கணக்கு. ஏ-யின் இடது ஓரத்திலிருந்து பி-யின் இடது ஓரம் வரை 24 செ.மீ. என்றால் இரண்டு ஃப்ரேம் அகலம். 14 விநாடி வேண்டும். அந்த இடத்தில் வசனம் 5 விநாடிதான் என்றால் பேனைச் சுருக்குங்கள் அல்லது கட் பண்ணுங்கள். ஓடும் ஆளைத் தொடரும் பேனுக்கு இந்தக் கட்டுப்பாடு இல்லை. கண் ஆள் மேல் இருப்பதால் பின்னணி உதறுவது உறுத்தாது. விப் பேன் (சட்டென்று வேகமாகச் சுழற்றும் பேன்) என்றால் ஏ, பி இரண்டையும் தனித்தனிப் பேனலாக்கி, நடுவில் வெறும் படுக்கைக் கோடுகள் மட்டும் கீறிய ஒரு பேனல் வையுங்கள்.

பேனல்களுக்கு எண் கொடுப்பதில் குழப்பம். ஒரே ஷாட்டுக்கு மூன்று படம் வரைந்தால் 7, 8, 9 என்று போடலாமா?
– வாசகர், மதுரை

கூடாது. கட் விழும் வரை ஷாட் எண் மாறாது: 7ஏ, 7பி, 7சி. நீங்கள் 7, 8, 9 போட்டால் ஷாட் டிவிஷன் (ஷாட் பட்டியல்) பார்த்து நாள் கணக்குப் போடுபவர் மூன்று ஷாட், மூன்று லைட்டிங் என்று எண்ணிக்கொள்வார். பேனல்களுக்கு இடையே வழக்கமாக விடும் வெள்ளை இடைவெளியை எடுத்துவிட்டு ஒட்டி வரைந்தால் தொடர்ச்சி இன்னும் பளிச்சென்று தெரியும்.

வலப்பக்கம் ஃப்ரேம் அவுட் ஆனவர் அடுத்த ஷாட்டில் வலப்பக்கத்திலிருந்தே ஃப்ரேம் இன் ஆகிறார். எடிட்டர் முறைக்கிறார்.
– வாசகர், நாகர்கோவில்

வலப்பக்கம் போனவர் இடப்பக்கமாக உள்ளே வந்தால்தான் தொடர்ந்து போகிறார் என்று இருக்கும். வலப்பக்கமே வந்தால் எதையோ மறந்துவிட்டுத் திரும்பி வருகிறார் என்று அர்த்தமாகும். பேனலில் இதைப் பிடிக்க எளிய வழி, அம்பை ஃப்ரேம் கோட்டை வெட்டிக்கொண்டு வெளியே போகும்படி போடுவது. ஃப்ரேம் இன்னுக்கு அம்பின் வால் கோட்டுக்கு வெளியே, தலை உள்ளே. கதைக்காகத் திசை மாறியே ஆகவேண்டும் என்றால், இரண்டுக்கும் நடுவில் ஆள் நேராகக் கேமராவை நோக்கி வரும் ஷாட் ஒன்றைச் செருகுங்கள். அதில் இடமும் இல்லை வலமும் இல்லை.

அம்புக்கு வண்ணப் பேனா பயன்படுத்தலாமா? கேமராவுக்குச் சிவப்பு, ஆளுக்கு நீலம் என்று.
– விஸ்காம் மாணவர், கோவை

செட்டுக்குப் போவது கறுப்பு வெள்ளை ஜெராக்ஸ். வண்ணம் போட்டாலும் அம்பின் வடிவத்தில் வேறுபாடு இருக்கட்டும்.

அனிமேஷனுக்கு ஸ்டோரிபோர்டு போடுகிறேன். ஜப்பானிய மாதிரித் தாளில் ‘3+12’ என்று எழுதியிருக்கிறது. பேனலை ஸ்கேன் செய்து அனிமேட்டிக் (பேனல்களை நேரக் கணக்கோடு ஓடவிடும் வீடியோ) ஆக்கும்போது ஜூம் பண்ணினால் படம் கலங்கிவிடுகிறது.
– வாசகி, யாழ்ப்பாணம்

3+12 என்பது 3 விநாடியும் 12 ஃப்ரேமும். விநாடிக்கு 24 ஃப்ரேம் கணக்கில் மூன்றரை விநாடி. அந்தத் தாள்களில் பேனல்கள் மேலிருந்து கீழாக அடுக்கியிருக்கும், பக்கத்தில் அசைவு, வசனம், நேரம். படத்துக்குப் பக்கத்திலேயே நேரம் எழுதும் இந்தப் பழக்கத்தைச் சினிமாக்காரர்களும் எடுத்துக்கொள்ளலாம். ‘ஆள் நடந்து கதவை அடைகிறார்’ என்ற அம்பு 4 செ.மீ. இருக்கலாம், அது 2 விநாடியா 6 விநாடியா என்று அம்பு சொல்லாது.

கலங்குவதற்குக் காரணம் பிக்சல் போதாமை. 12 செ.மீ. என்பது 4.72 அங்குலம். 300 டி.பி.ஐ.யில் (அங்குலத்துக்கு 300 புள்ளி) ஸ்கேன் செய்தால் சுமார் 1,417 பிக்சல். 1920 அகலத் திரைக்கே காணாது. 600-ல் சுமார் 2,835; அசையாத பேனலுக்குத் தாராளம். ஆனால் இரு மடங்கு ஜூமுக்கு 3,840 வேண்டும். சின்னப் படத்தை 800-க்கு மேல் ஸ்கேன் செய்தால் தாளின் நாரும் பென்சில் பொடியும்தான் பெரிதாகும். ஜூம் உள்ள பேனலை மட்டும் 24 செ.மீ. அகலத்தில் வரைந்து 420-க்கு மேல் ஸ்கேன் செய்யுங்கள். உள்கட்டமும் வெளிக்கட்டமும் வேறு லேயரில் இருக்கட்டும். இல்லாவிட்டால் அனிமேட்டிக்கில் கட்டமும் சேர்ந்து பெரிதாகி வரும். கணினியிலேயே வரைவதானால் இலவசமாகக் கிடைக்கும் க்ரிட்டா என்ற வரையும் மென்பொருளில் 5.0 பதிப்பிலிருந்து ஸ்டோரிபோர்டு வசதி இருக்கிறது.

எனக்கு வரையவே வராது. குச்சி மனிதர்களை வைத்து இதெல்லாம் முடியுமா?
– குறும்பட இயக்குநர், தேனி

முடியும். குச்சி மனிதனுக்கு மூக்கு மட்டும் வைத்துவிடுங்கள், எந்தப் பக்கம் பார்க்கிறான் என்று தெரியும். அளவும் அடிவானமும் சரியாக இருந்தால் மேலே சொன்ன எல்லாம் குச்சி மனிதனிலும் வரும்.

வரைய வராதவர்களுக்கு உண்மையான கைத்தடி டாப் வியூ படம். கட்டம் போட்ட தாளில் 1 செ.மீ. = 2 அடி என்று வைத்து அறையை வரையுங்கள். கேமரா ‘வி’ எழுத்து வடிவில், உள்ளே ஷாட் எண். கேமரா நகர்ந்தால் கெட்டிக் கோடு, ஆள் நகர்ந்தால் புள்ளிக் கோடு. ‘வி’யின் விரிவைக் கண்ணளவில் போடாதீர்கள். சூப்பர் 35 எனப்படும் சினிமா கேமரா சென்சார் அளவில் 50 மி.மீ. லென்ஸுக்கு ஃப்ரேமின் அகலம் தூரத்தில் ஏறத்தாழப் பாதி: 10 அடியில் 5 அடி. 25 மி.மீ.க்கு 10 அடியில் 10 அடி. இந்த ஒரு கணக்கை வைத்தே, 10 அடிக்கு 10 அடி சமையலறையில் 50 மி.மீ. போட்டு மூன்று பேரை நெருக்கடி இல்லாமல் காட்ட முடியாது என்பது ஷூட்டிங்குக்கு முதல் நாளே தெரிந்துவிடும்.

இரண்டு பேர் பேசிக்கொண்டிருக்க, கேமரா அவர்களைச் சுற்றி முழு வட்டம் வருகிறது. வட்டமாக ஒரு அம்பு போட்டேன். போதுமா?
– உதவி இயக்குநர், சென்னை

வட்ட அம்பு டாப் வியூவில் இருக்கட்டும். பேனலில் கால் வட்டத்துக்கு ஒன்றாக நான்கு படம் வேண்டும். ஒவ்வொன்றிலும் யார் முகம் தெரிகிறது, யார் முதுகு, பின்னால் எந்தச் சுவர் என்பது வெவ்வேறு. 6 அடி ஆரத்தில் சுற்றினால் ஒரு சுற்று கிட்டத்தட்ட 38 அடி. 15 விநாடியில் முடிக்க விநாடிக்கு இரண்டரை அடி. ரவுண்ட் ட்ராலியிலும் முடியும், கிம்பலோடு (கேமராவை ஆடாமல் தாங்கும் கருவி) நடந்தும் முடியும். முக்கிய வசனம் எந்தப் பேனலில் விழுகிறது என்று எழுதுங்கள். பேசுபவரின் முதுகு தெரியும் நேரத்தில் விழுந்தால் கேமரா தொடங்கும் இடத்தைக் கால் வட்டம் தள்ளிப்போடலாம். நான்கு சுவரும் தெரிவதால் லைட் ஸ்டாண்டுகளுக்கு அறைக்குள் இடமில்லை. ஜன்னல் வழியாகவோ மேலிருந்தோதான் வெளிச்சம். ஆர்ட் டைரக்டர் வழக்கம்போல மூன்று சுவருக்கு மட்டும் பெயின்ட் அடித்து நிறுத்திவிடாமல் இருக்க, நான்காவது பேனலை அவரிடம் தனியாகக் காட்டிவிடுங்கள்.